சாட்சியாக நிற்கும் கைபேசி

2010 மே 28 இரவு. அமெரிக்காவின் சான் டியகோவையும் மெக்சிகோவின் டிஹுவானாவையும் இணைக்கும் சான் இசித்ரோ எல்லைச் சாவடி. நாடு கடத்தப்படவிருந்த 42 வயது மெக்சிகோ தொழிலாளி ஒருவரைப் பத்துக்கும் மேற்பட்ட முகவர்கள் சூழ்ந்து நின்றனர். தடியால் அடித்தனர், மின்னதிர்ச்சிக் கருவியைப் பலமுறை பாய்ச்சினர். மூன்று நாள்களில் அவர் இறந்தார். ஐந்து குழந்தைகளின் தந்தை.

அவர் முரண்டு பிடித்தார், அடக்க வேண்டியதாயிற்று என்றது அதிகாரிகள் தரப்பு. ஆனால், பாலத்தின் மீது நடந்து சென்றவர்கள் சிலர் அதைக் கைபேசியில் பதிவு செய்திருந்தனர். 2012-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பதிவில், அவர் தரையில் கிடக்க, முகவர்கள் சுற்றி நிற்பது தெரிந்தது. உதவி கேட்டு அவர் கதறிய குரலும் கேட்டது. கைபேசி இல்லாதிருந்தால் அதிகாரிகளின் அறிக்கை மட்டுமே வரலாறாகியிருக்கும்.

நான் பொருளாதாரம் கற்பித்தவன். ஒருவர் தம் பணியை இன்னொருவரிடம் ஒப்படைக்கும்போது, செய்பவருக்குத் தெரிவது ஒப்படைத்தவருக்குத் தெரிவதில்லை, கண்காணிக்கச் செலவாகும். இதை 'முதல்வர் - முகவர் சிக்கல்' என வகுப்பில் விளக்குவேன். எல்லைக் காவலர்களையும் 'முகவர்' என்றே அழைப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் பொருத்தம். இங்கே முதல்வர் என்பவர் குடிமக்கள்தாம். சாலையில் நின்று படம் பிடிப்பவர் அரசு செய்ய வேண்டிய கண்காணிப்பைத் தம் செலவில், தம் ஆபத்தில் செய்கிறார்.

உயிர்க்கொல்லும் பலத்தை எப்போது பயன்படுத்தலாம்? தப்பியோடும் நிராயுதபாணியை, அவரால் கடும் ஆபத்து இல்லாத நிலையில், சுடக்கூடாது என 1985-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1989-இல், களத்தில் நிற்கும் நியாயமான அதிகாரியின் பார்வையிலேயே பலப்பிரயோகத்தை மதிப்பிட வேண்டும் என்றது. இதைப் பல நீதிமன்றங்கள் சுட்ட அந்த ஒரு நொடியை மட்டும் பார்த்தால் போதும் எனக் குறுக்கிக்கொண்டன. முன்னால் நடந்த அனைத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2025 மே மாதம்தான் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

இது வெறும் சட்ட நுணுக்கமன்று. எல்லைக் காவல் அமைப்பின் 67 சம்பவங்களை ஆராய்ந்த 2013-ஆம் ஆண்டின் வெளி ஆய்வு, சில முகவர்கள் நகரும் வாகனத்தின் பாதையில் தாமே சென்று நின்று, பிறகு அதையே காரணம் காட்டி ஓட்டுநரைச் சுட்டிருக்கலாம் என்று ஐயம் தெரிவித்தது. சுட்ட நொடியை மட்டும் பார்த்தால் அது தற்காப்பு. அதற்கு முந்தைய பத்து நொடிகளைப் பார்த்தால் வேறு கதை. அந்தப் பத்து நொடிகள் பெரும்பாலும் வழிப்போக்கரின் கைபேசியில்தான் இருக்கும். அவர் கைபேசியை எடுக்கத் தாமதித்தால் அவையும் இராது; குடிமக்களின் பதிவே முழு உண்மை என்று நான் வாதிடமாட்டேன்.

பொது இடத்தில் காவலர்களைப் படம் பிடிக்கும் உரிமையைப் பல கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. பணியில் குறுக்கிடும் உரிமை அதில் அடங்காது. எல்லைச் சாவடிகளைப் படம் பிடித்தோர் தடுக்கப்பட்ட வழக்கு 2020-இல் சமரசத்தில் முடிந்தது. பொதுமக்கள் செல்லத்தக்க வெளிப்புறப் பகுதிகளிலிருந்து படம் பிடிப்பதைத் தடுப்பதில்லை என அரசு ஒப்புக்கொண்டது.

பதிவு கிடைத்துவிட்டால் பொறுப்பும் வந்துவிடுமா? சான் இசித்ரோ மரணத்தில் குற்றவழக்கு இல்லை என நீதித்துறை 2015-இல் அறிவித்தது. அமெரிக்க அரசே பொறுப்பு என்று அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் சொன்னபோது 2025 ஆகிவிட்டது. இதற்கிடையே, அளவுமீறிய பலத்துக்காக எல்லைக் காவல் முகவர் மீது தனிப்பட்ட முறையில் அரசமைப்பின்கீழ் இழப்பீடு கோரும் வழியை உச்சநீதிமன்றம் 2022-இல் அடைத்தது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் அரசின் மீது வழக்கு தொடுப்பதே. செலவைச் செய்தவர் ஏற்காத இடத்தில் செய்கை மாறாது என்பது என் பாடத்தின் பழைய விதி. 2017-இல் அந்தக் குடும்பத்துக்குச் சமரசமாக வழங்கப்பட்ட 10 லட்சம் டாலரும் அரசின் பணமே.