பேராதனைத் தூண் மண்டபமும் மலைநாட்டு மாணவரும்

ஒரு நாடு கல்வியை எவ்வாறு மதித்தது என்பதை அதன் ஏடுகளில் மட்டுமன்றி, அது எழுப்பிய கட்டடங்களிலும் காணலாம். பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு வந்து புகைவண்டி ஏறுவோர், மலைத்தொடர் பலவற்றைக் கடந்து பேராதனையை அடைவர். 1894ஆம் ஆண்டில் பண்டாரவளையையும் 1924ஆம் ஆண்டில் பதுளையையும் எட்டிய அவ்விருப்புப்பாதை, ஊவாவின் தேயிலையைக் கொழும்புக்குச் சுமந்தது. அதன் வழியிலேதான் இலங்கையின் முதலாவது பல்கலைக்கழகத்தின் இருப்பிடமும் அமைந்தது.

இலங்கைக்கெனப் பல்கலைக்கழகம் ஒன்று வேண்டுமென்று 1906ஆம் ஆண்டில் இயக்கம் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. ஆயின் அது இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் இடமாகவே இருந்தது. பிறர் வகுத்த பாடத்தைப் படிப்பது வேறு. புதிய அறிவைத் தேடுவது வேறு. ஆராய்ச்சிக்கு நூல்நிலையமும் ஆய்வுகூடமும் அமைதியான சூழலும் வேண்டும். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது, அதன் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ், ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே உறையும் கல்வி நகர் ஒன்றைப் பேராதனையில் அமைக்க முனைந்தார்.

இலண்டன் மாநகரின் புனரமைப்புத் திட்டத்தை வகுத்த பற்றிக் அபர்குரொம்பியும், எருசலேம் நகரில் பணியாற்றிய கிளிபோர்ட் ஹொலிடேயும் இதற்குத் திட்டம் தீட்டினர். அத்திட்டத்துக்கு உருவம் கொடுத்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞரான ஷேர்லி டி அல்விஸ். அந்தானை மலைக்கும் மகாவலி கங்கைக்கும் இடையே, நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு இசையக் கட்டடங்கள் தனித்தனியே நிறுத்தப்பட்டன. உள்ளே புதுமுறைக் கட்டுமானம். வெளியே கண்டி மரபைச் சார்ந்த சாய்வான ஓட்டுக் கூரை. மழைமிக்க மலைநாட்டுக்கு அக்கூரை அழகு மட்டுமன்று, தேவையுமாகும்.

இவற்றுள் சிறப்புடையது மூதவைக் கட்டடம். அதன் திறந்த தூண் மண்டபம், கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்னும் அரச சபா மண்டபத்தை நினைவூட்டுவது. அந்த மரத்தூண் மண்டபத்தை எழுப்பத் தொடங்கியவன் நாயக்கர் மரபில் வந்த இராசாதி இராசசிங்கன். 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயருக்குக் கையளிக்கப்பட்டதும் அம்மண்டபத்திலேயே. ஆட்சி கைமாறிய மண்டபத்தின் வடிவையே, சுதந்திர நாட்டின் அறிவு மண்டபம் மீண்டும் தாங்கி நின்றது.

1952இல் கலைப்பீடமும் நூல்நிலையமும் பேராதனைக்கு வந்தன. தாம் வரைந்த கட்டடங்கள் முறையாகத் திறந்து வைக்கப்படுவதைக் காணாமலே அவ்வாண்டில் டி அல்விஸ் காலமானார். திறப்பு விழா 1954 ஏப்ரல் 20ஆந் திகதி எடின்பரோக் கோமகனால் நடத்தி வைக்கப்பட்டது.

இக்கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளிலேயே மலைநாட்டு மக்களுக்குப் பெரிய இடர் ஒன்று நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1945 முதல் நாட்டில் இலவசக் கல்வி வழங்கப்பட்டபோதும், தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றன. தூண் மண்டபத்துக்குச் சுவர் இல்லை. எனினும் அதன் முற்றத்தை மிதிக்கத் தோட்டத்துப் பிள்ளைக்கு வழியும் இல்லை. அருணாசலம், இராமநாதன் என்னும் தமிழ்ப் பெரியார் இருவரின் பெயர்கள் அங்குள்ள மாணவர் விடுதிகளுக்குச் சூட்டப்பட்டிருந்தும் நிலை இதுவே.

1970ஆம் ஆண்டுகளில் தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்கத் தொடங்கிய பின்னரே அவ்வழி மெல்லத் திறந்தது. எஞ்சியிருந்த நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றியது. பேராதனை வரை செல்ல வேண்டியிருந்த உயர்கல்வி, ஊவாவின் மலைகளுக்கே வந்து சேர்ந்தது.

கட்டடக் கலைஞன் தூணை நிறுத்தலாம், கூரையை வேயலாம். அம்மண்டபத்துக்கு ஏறும் முதற்படியை அமைப்பது அவன் பணியன்று. அப்படி, தோட்டப் பாடசாலையில் அமையும் ஓர் ஆய்வுகூடமும், அங்கே நிலைத்து நின்று கற்பிக்கும் ஒரு விஞ்ஞான ஆசிரியருமே ஆகும். அது உறுதியாக அமையும் ஊரிலிருந்துதான் நாளைய ஆராய்ச்சியாளர் புறப்படுவர்.