பேட்டரி விளக்கு எரிந்தால் பேட்டரி 'கோங்' என்று அர்த்தமா?

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு வேலைக்குப் போகிறீர்கள். பினாங்குப் பாலத்தை நெருங்கும்போது, டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு பேட்டரிப் படம் எரிகிறது. இன்ஜின் வழக்கம்போல ஓடுகிறது, ஏர்கானும் குளிராகத்தான் இருக்கிறது. "பேட்டரி கோங் ஆகப் போகுது போல, சாயங்காலம் புதுசு மாத்திக்கலாம்" என்றுதான் பலருக்கும் தோன்றும்.

அந்த முடிவு உங்கள் பணத்தை வீணாக்கலாம். பாலத்தின் நடுவில் உங்களை நிறுத்தியும் விடலாம்.

அந்த விளக்கு எதைச் சொல்கிறது?

காரை ஸ்டார்ட் செய்யும் வேலைதான் பேட்டரிக்கு முக்கியம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும், ஒரு பெல்ட் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும். விளக்கு, ஏர்கான், ரேடியோ என எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவதும், பேட்டரியைத் திரும்ப நிரப்புவதும் ஆல்டர்னேட்டர்தான்.

சாவியைத் திருப்பும்போது பேட்டரி விளக்கு எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்தால் எல்லாம் சரி. ஓடும்போது எரிந்தால், சார்ஜ் ஆவது நின்றுவிட்டது அல்லது அதில் கோளாறு என்று பொருள். பேட்டரி நல்ல நிலையில்கூட இருக்கலாம். அப்போது புது பேட்டரி போட்டாலும், அதுவும் காலியாகிவிடும்.

உண்மையிலேயே பேட்டரி தேய்ந்திருந்தால், பெரும்பாலும் இந்த விளக்கு எரியாது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்ஜின் மெதுவாக முனகுவதும், 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருவதும்தான் அதற்கு அடையாளம்.

ஓட்டும்போது எரிந்தால் என்ன செய்யணும்?

முதலில் இன்ஜின் வெப்பத்தைக் கவனியுங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதித்துவிடும். வெப்ப எச்சரிக்கை வந்தால், பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

வெப்பம் சரியாக இருந்தால், ஏர்கான், ரேடியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அருகில் உள்ள வொர்க்‌ஷாப்புக்குப் போங்கள். இரவிலும் மழையிலும் ஹெட்லைட்டை மட்டும் அணைக்காதீர்கள். போய்ச் சேரும் வரை இன்ஜினையும் அணைக்க வேண்டாம், திரும்ப ஸ்டார்ட் ஆகாமல் போகலாம்.

எவ்வளவு நேரம் ஓடும்? சின்ன காரின் பேட்டரி சுமார் 35 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். இரவில் கார் 25 முதல் 30 ஆம்பியர் இழுத்தால், கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். ஆனால், பழைய பேட்டரியில் அதில் பாதியைக்கூட நம்ப முடியாது. மைவி, அக்சியா போன்ற கார்களில் ஸ்டீரிங்கும் மின்சாரத்தில் இயங்குவதால், மின்னழுத்தம் குறையும்போது ஸ்டீரிங் கனமாகலாம்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். இரண்டாவது பாலம் 24 கிலோமீட்டர். ஏறிவிட்டால் நடுவில் திரும்ப முடியாது. அதனால், பிறை பக்கம் டோலுக்கு முன்பே விளக்கு எரிந்தால் அங்கேயே ஓரங்கட்டுங்கள். முதல் பாலத்தின் மேல் வண்டி நின்றுவிட்டால், ஹசார்ட் லைட்டைப் போட்டு, முடிந்தவரை இடது ஓரம் ஒதுங்கி, பிளஸ்லைன் 1800-88-0000 எண்ணை அழையுங்கள். பாலத்தில் பானட்டைத் திறந்து ரிப்பேர் பார்க்கும் வேலை வேண்டாம்.

வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

இன்ஜினை அணைத்துவிட்டு, பெல்ட் இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி முனைகளில் வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தாலோ, கேபிள் ஆடினாலோ, கோளாறு அங்கேயே இருக்கலாம்.

அடுத்தது மல்டிமீட்டர். சாதாரண மீட்டரே போதும். டிசி வோல்ட்டில் வைத்து, சிவப்பு வயரை பேட்டரியின் பிளஸ் முனையிலும் கறுப்பு வயரை மைனஸ் முனையிலும் வையுங்கள்.

• இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 வோல்ட்: பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2: ஏறக்குறைய பாதி.
• இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை: சார்ஜ் ஆகிறது.
• ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்று, மெல்ல இறங்கினால்: சார்ஜ் ஆகவில்லை.
• 15-ஐத் தாண்டினால்: ரெகுலேட்டர் கோளாறு. பேட்டரியும் மற்ற மின்கருவிகளும் கெட்டுப்போகலாம்.

சில புதிய கார்களில் கணினியே சார்ஜைக் குறைத்து வைக்கும். அப்படிப்பட்ட காரில் ஹெட்லைட்டையும் புளோயரையும் போட்டு, மறுபடி அளந்து பாருங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி கேபிளைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. அதைச் செய்யாதீர்கள். திடீரென எகிறும் மின்னழுத்தம் காரின் கணினியையே கெடுத்துவிடும்.

வெள்ளத்தில் சிக்கிய கார், ஹைபிரிட் கார்

2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைப் புரட்டிப்போட்ட வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். பல கார்களில் ஆல்டர்னேட்டர் இன்ஜினின் கீழ்ப்பகுதியில்தான் இருக்கும். தண்ணீர் புகுந்தால் பேரிங்கும் வயர் இணைப்புகளும் துருப்பிடித்து, வாரங்கள் கழித்துக்கூட விளக்கு எரியலாம்.

பெரும்பாலான ஹைபிரிட் கார்களிலும் மின்சாரக் கார்களிலும் ஆல்டர்னேட்டர் கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து ஒரு கன்வெர்ட்டர்தான் 12 வோல்ட் பேட்டரியை நிரப்புகிறது. அங்கே ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே கூடாது. பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

வொர்க்‌ஷாப்பில் என்ன கேட்கணும்?

சார்ஜ் ஆகவில்லை என்றாலும் முழு ஆல்டர்னேட்டரையும் மாற்ற வேண்டும் என்றில்லை. பெல்ட், ஃபியூஸ், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் என்று சின்னப் பொருளை மாற்றினாலே பல சமயம் போதும். அதனால் காசு கொடுப்பதற்கு முன்னால் ஃபோர்மேனிடம் இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, இன்ஜின் ஓடும்போது எத்தனை வோல்ட் காட்டுது? எதை மாத்துறதுக்கு முன்னாடியும் ஒரு தடவ அளந்து காட்டுங்க."

மாற்றிய பிறகும் இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள். 14 வோல்ட் வாக்கில் காட்டி, விளக்கும் அணைந்திருந்தால், தைரியமாகப் பாலம் ஏறலாம்.