வட்டத்திலிருந்து வலைக்கு வந்த பந்து

பாங்காக் மரகத புத்தர் கோயிலின் சுற்றுச்சுவர் ஓவியத்தில் அனுமன் பிரம்புப் பந்தைக் காலால் தட்டி ஆடுகிறான். சுற்றிலும் வானரக் கூட்டம். சஞ்சீவி மலை தூக்கிய அனுமனை நமக்குத் தெரியும். பந்தாடும் அனுமன் தாய்லாந்துக்காரன்! அந்த வட்டத்தில் வலை கிடையாது, எதிரணி கிடையாது. பந்து தரையைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் ஆட்டம்.

மலாய் மண்ணிலும் இதே ஆட்டம், செபக் ராகா என்ற பெயரில். மலாக்கா சுல்தான் மன்சூர் ஷாவின் மகனுடைய தலையணியை ஒருநாள் பந்து தட்டிவிட, உதைத்த இளைஞனை இளவரசன் அங்கேயே குத்திக் கொன்றான் என்கிறது மலாய் வரலாற்று நூலான 'செஜாரா மெலாயு'. விளையாட்டு வினையானது என்பார்களே, அதேதான்.

வட்டம் இரண்டு அணியாகப் பிரிந்ததற்குக் காரணம் ஒரு பேட்மின்டன் வலை. 1945இல் பினாங்கில் ஹமீத் மைதீனும் நண்பர்களும் வலைக்கு இருபுறமும் நின்று ஆட விதி வகுத்தார்கள். இன்றைய களமும் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். இரட்டையர் பேட்மின்டன் களத்தின் அதே அளவு.

பெயர்தான் பெரும்பாடு. 1965இல் கோலாலம்பூரில் தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டி நடந்தபோது, மலேசியாவும் தாய்லாந்தும் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தன. முடிவில் பெயரையே பங்கு போட்டுக்கொண்டார்கள்: செபக் தக்ரா. 'செபக்' மலாயில் உதை. 'தக்ரா' தாய் மொழியில் பின்னிய பந்து. சம்பந்தி வீட்டார் இருவரும் கூடிப் பேசிக் குழந்தைக்குப் பெயர் வைத்ததுபோல!

இந்த ஆட்டத்துக்கு ஆண்டுதோறும் நாடுகள் கூடும் முற்றம் அமைந்தது 1985இல். மன்னர் பூமிபால் ஆட்சியில், தாய்லாந்தில் மன்னர் கோப்பை உலகப் போட்டி தொடங்கியது. சர்வதேசக் கூட்டமைப்பான இஸ்டாஃப் அதற்குப் பிறகுதான், 1988இல் உருவானது. முதலில் பந்தல், பிறகு சங்கம் என்பது நம் ஊர்க் கபடிக் குழுக்களுக்கும் பழகிய வழிதான். 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டு கதவு திறந்தது. முதல் தங்கத்தை மலேசியா கொண்டுபோனது. பெண்களுக்கான உலகப் போட்டி 1997இல் வந்தது. காலதாமதம்தான், சந்தேகமில்லை.

அணிக்கு மூவர். பின்னால் வட்டத்துக்குள் நிற்கும் தெக்கோங், பக்கத்து வீரர் எறியும் பந்தைத் தலைக்கு மேல் காலைத் தூக்கி அடிப்பார். வலையருகே நிற்பவர் அந்தரத்தில் குட்டிக்கரணம் போட்டு அடித்துவிட்டுக் காலூன்றி இறங்குவார். இந்த வித்தையில் தாய்லாந்துக்கு இணை இன்னும் இல்லை. கோப்பை பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவது விருந்தாளிகளுக்கு அலுப்பூட்டும் விஷயம். ஆனால் தோற்கத் தோற்கத்தான் கொரியாவும் ஜப்பானும் ஆட்டம் கற்றன என்பது என் கணிப்பு.

நாமும் அப்படித்தான். 2018இல் ஜகார்த்தா–பலெம்பாங் ஆசிய விளையாட்டில் ஆண்கள் அணிக்கு வெண்கலம். ஆசிய விளையாட்டில் இந்த ஆட்டத்துக்காக இந்தியா பெற்ற முதல் பதக்கம். 2025 மார்ச்சில் பாட்னாவில் நடந்த உலகக் கோப்பையில், மூவர் ஆட்ட இறுதியில் ஜப்பானை 2–1 என வென்று தங்கம். அங்கே சுழன்ற பந்து பிரம்பல்ல, செயற்கை இழை. ஆனாலும் விதிப்படி அதில் 12 துளைகளும் 20 பின்னல் சந்திப்புகளும் இருந்தாக வேண்டும், பிரம்பில் பின்னிய காலத்துப் பந்தைப் போலவே.