எண்ணெய் என்னும் சொல்லும் திண்டுக்கல் புன்செய்யும்

'எண்ணெய்' என்பது எள், நெய் என்னும் இருசொல் புணர்ந்த தொடர்மொழி. எனவே எள்ளினின்று எடுத்த நெய்யே முதற்கண் இப்பெயர் பெற்றது. 'நெய்' என்பதும் ஆவின் பயனை மட்டும் குறித்ததன்று. பசையும் வழவழப்பும் உடைய பொருள் பலவற்றிற்கும் அது பொதுப்பெயர். குருதி 'நெய்த்தோர்' எனவும், கடைந்தெடுத்த வெண்ணிறப் பொருள் 'வெண்ணெய்' எனவும் வழங்கியமை இதற்குச் சான்றாம். ஆதலின் பழைய நூல்களில் வரும் 'நெய்'யை எல்லாவிடத்தும் ஆனெய் எனக் கொண்டு முன்னோர் உணவை வரையறுத்தல் பொருந்தாது.

கல்வெட்டுக்களும் இக்கருத்திற்கு அரண் செய்வன. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள், ஒரு விளக்கிற்கு நாள்தோறும் உழக்கு நெய் அளத்தற்கு 96 ஆடுகள் விடப்பட்டமையைக் கூறும். மேய்ப்போர் வாழ்வும் அம்மந்தையைச் சார்ந்ததே எனினும், நெய்யின் அருமை இதனால் விளங்கும். இத்துணை அரிய பொருள் எளியோரின் நாளுணவிற்கு எட்டியிராது. அவர்தம் தாளிப்பிற்குச் செக்கே துணையாயிற்று எனல் தகும். 'செக்கிறை' என்னும் வரி சோழர் கல்வெட்டுக்களில் இடம்பெறுதலும் செக்குத் தொழிலின் பரப்பை உணர்த்தும்.

சிறுமலையின் அடிவாரந்தொட்டு வேடசந்தூர்ப் பக்கம் வரை விரியும் திண்டுக்கல் சமவெளி பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. இத்தகைய நிலத்தில் நெய்யும் எண்ணெய்யும் ஒன்றையொன்று சார்ந்தே வாழ்ந்தன. எள்ளைக் கருப்பட்டி சேர்த்துச் செக்கிலாட்ட, எண்ணெய் அடுக்களைக்கும் பிண்ணாக்குத் தொழுவத்திற்கும் சென்றன. பிண்ணாக்குண்ட மாடு மோரும் நெய்யும் தந்தது.

தென்னமெரிக்காவிற்குரிய நிலக்கடலை இந்நிலைமையை மாற்றிற்று. 'மணிலாக்கொட்டை' என்னும் வழக்கு அஃது அயல்வரவு என்பதைக் காட்டும். 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியினின்று பிரான்சு நாட்டிற்கு அது மிகுதியாக ஏற்றுமதியாயிற்று. திருச்சி – மதுரை இருப்புப்பாதை 1875-இல் திண்டுக்கல் வழியே அமைந்தபின், இப்பகுதியின் விளைபொருள் தொலைச் சந்தையோடு இணைந்தது. கடலையின் நெய்யும் 'எண்ணெய்' என்றே பெயர் பெற்றது. பிற வித்துக்களின் நெய்யெல்லாம் இவ்வாறு அப்பெயரை ஏற்கவே, எள்ளின் நெய்யைப் பிரித்துரைக்க 'நல்' என்னும் அடை வேண்டுவதாயிற்று. மண்ணெண்ணெய்யும் தன் பெயரில் எள்ளைச் சுமந்து நிற்கிறது!

1937-இல் விற்பனைக்கு வந்த டால்டா, தாவர எண்ணெய்க்கு நீரகம் ஊட்டி உறையச் செய்த போலி நெய். அதனை நெய்யிற் கலத்தலைக் கண்டறிய, வனற்பதியில் நூற்றுக்கு 5 பங்கேனும் நல்லெண்ணெய் சேர்த்தல் வேண்டுமென அரசு விதித்தது. அமிலமும் பர்பூராலும் சேர்த்து ஆய்வார்க்கு எள்ளெண்ணெய் செந்நிறங்காட்டிக் கலப்பை வெளிப்படுத்தும். இத்தகைய உறைகொழுப்பில் தோன்றும் மாறுபக்கக் கொழுப்பு இதயத்திற்குக் கேடாதலின், 2022 முதல் அதன் அளவு நூற்றுக்கு 2 பங்கிற்கு மிகலாகாதென வரம்பு செய்யப்பட்டது. நல்லெண்ணெய்யோ தன்பாலுள்ள எதிர்ஆக்சிகரணிகளால் எளிதிற் சிக்குப் பிடிப்பதில்லை. ஊறுகாய்க்கு அதனைத் தேர்ந்த வழக்கு பொருளுடைத்து.

எனவே உணவு வரலாறு எழுதப் புகுவார், ஏட்டில் நெய், எண்ணெய் என்னும் சொற்களைக் காணுந்தோறும், 'எக்காலத்தது? எவ்வித்தினது?' என வினவிப் பொருள் கோடல் கடன்.