விற்றுத் தரும்படி ஒப்படைத்த ஆர்மோனியம்

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் ஊர். அங்கே மண்டி வாணிபம் எத்தகையது என்பதைச் சிறுவரும் அறிவர். ஆலைக்காரர் மூட்டைகளை வெளியூர் மண்டிக்கு அனுப்புகிறார். மண்டிக்காரர் அவற்றை விலைகொடுத்து வாங்குவதில்லை. விற்றபின் தம் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புகிறார். விற்கும்வரை சரக்கு அனுப்பியவருடையதே.

இம்முறைப்படியே, அவ்வூர்ப் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றின் பழைய ஆர்மோனியம் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடந்து திருச்சியில் ஒரு கடைக்குச் சென்றது. பெயர் வேண்டா. சில மாதங்களுக்குப் பின் ஒரு தொகை வந்தது. யாருக்கு, என்ன விலைக்கு விற்றது என்ற விவரம் மட்டும் வரவில்லை. அந்தப் பெட்டியோ, ஒரு தாய் தம் இறந்த மகனின் நினைவாகப் பாடகற்குழுவிற்கு அளித்தது. அவர் கேட்டபோது நம்மிடம் விடையில்லை. அந்த வெட்கமே நம்மை இவ்வரலாற்றைத் தேட வைத்தது.

ஆர்மோனியம் பிறப்பால் ஐரோப்பியக் கருவி. அலெக்சாந்தர் டெபேன் என்பார் 1842-இல் பாரிசில் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழல் ஆர்கன் வாங்க இயலாத சிற்றாலயங்களுக்கு அது ஏழையின் ஆர்கனாயிற்று. மறைப்பணியாளர்கள் வழியாகவும் அது இந்நாட்டிற்கு வந்தது. அன்றைய பெட்டியை நாற்காலியில் அமர்ந்து காலால் மிதிக்க வேண்டும். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875-இல் கையால் துருத்தியை இயக்கும் வடிவத்தைச் செய்தார். தரையில் அமர்ந்து பாடும் நம் மக்களுக்கு அது உடனே ஏற்றதாயிற்று. தமிழகத்தில் நாடக மேடைகளும் அதைத் தழுவிக்கொண்டன.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. கமகத்தைப் பேச இயலாத கருவி என்று இசைவாணர் குறை கூறினர்; குறை உண்மையே. அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தன் நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கியது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய அந்த ஆண்டுகளில் ஆலயங்கள் அதை விலக்கவில்லை என்பதை நாம் சற்றுப் பெருமையோடு குறிப்பிடலாம். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903-இல் ஆலயத்தில் பியானோவைத் தடைசெய்தார். ஆர்கனின் ஒலிக்கோ இடமிருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழல் ஆர்கனைப் போற்றியதோடு, வழிபாட்டிற்குப் பொருந்தும் பிற கருவிகளுக்கும் வழி திறந்தது. இலத்தீனின் இடத்தில் தமிழ்ப் பாடல்கள் பெருகின. ஆர்மோனியத்தின் பக்கத்தில் தபேலா வந்து அமர்ந்தது. பின்னர் வந்த மின் கீபோர்டு, இரண்டையும் பாடகற்குழுவின் மூலைக்குத் தள்ளிற்று. பழைய பெட்டிகள் கடைக்குப் புறப்பட்டது அப்போதுதான்.

பழைய ஆர்மோனியத்தின் விலையை அதன் மெருகு தீர்மானிப்பதில்லை. ரீடுகள் சுருதி விலகாமல் பேசுகின்றனவா, துருத்தி காற்றை இழக்கிறதா, அழுத்திய கட்டை தானே மேலெழுகிறதா, மரத்தில் பூச்சி அரித்துள்ளதா என்று பார்ப்பர். பழைய அயல்நாட்டு ரீடுகளுக்குத் தனி மதிப்புண்டு. அவற்றைக் கழற்றிவிட்டு வேறு பொருத்தினால், பெட்டி பார்வைக்கு அப்படியே இருக்கும். ஒப்படைக்கும் அன்றே இவற்றையெல்லாம் எழுதி, குறைந்த விலை எது, கமிஷன் எவ்வளவு, எத்தனை மாதம் என்று குறித்துக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நாம் வாங்கவில்லை. தெரிந்தவர்தாமே என்றிருந்துவிட்டோம்.

நாட்டுச் சட்டம் நம்மைவிட விழிப்பாக இருந்திருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், முகவர் கேட்டபோது முறையான கணக்குத் தர வேண்டும் என்கிறது (பிரிவு 213). உரியவருக்குத் தெரியாமல் அவர் பொருளைத் தாமே வாங்கிக்கொண்டு முக்கிய உண்மையை மறைத்திருந்தால், அவ்விற்பனையை மறுக்கவும் இடமுண்டு (பிரிவு 215). ஆனால் கடையில் நல்லெண்ணத்தோடு, வழக்கமான வணிகமுறையில் வாங்கிச் சென்றவரை 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் காக்கிறது. பெட்டியைத் திரும்பக் கேட்கலாம் என்று எண்ணிய நமக்கு இது கசப்பாகவே இருந்தது.

திருச்சபைச் சட்டத்தின் கேள்வியோ வேறு. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1267-ஆம் எண், குறிப்பிட்ட நோக்கத்திற்காக இறைமக்கள் அளித்த காணிக்கையை அந்நோக்கத்திற்கே செலவிட வேண்டும் என்கிறது. தாய் அளித்தது பாடலுக்காக. பேரவையிலோ அத்தொகையைச் சுற்றுச்சுவருக்குச் சேர்த்துவிடலாம் என்ற பேச்சு எழுந்திருந்தது. கடைக்காரரிடம் கணக்குக் கேட்கப் புறப்பட்ட நாம், நம் கணக்கையும் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

இருமுறை நடந்தபின் கடைக்காரர் தம் பேரேட்டைத் திறந்து காட்டினார். விலையும் கமிஷனும் அதில் இருந்தன. வந்த தொகையில் குறைந்த சிறு பகுதியையும் அன்றே தந்தார். வாங்கியவரின் பெயர் அங்கில்லை. இதைத் தாயிடம் அப்படியே சொன்னோம். பணம் எதற்குப் போகும் என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளுக்குப் பாடல் சொல்லித்தர என்றோம். அத்தொகை பங்குக் கணக்கில் இன்று தனி வரியாக, அவர் மகனின் பெயரில் நிற்கிறது.