ஒரு குரங்கும் ஒரு தீவும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. லுஹருக்கு முன்னரே நாடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததுதான் காரணம் என்றார்கள். எல்லோரும் சிரித்தோம். ஒரு குரங்கால் ஒரு தீவே நின்றுபோனது எப்படி என்பதற்கு விடை நமது அண்மைக்கால வரலாற்றில் இருக்கிறது.

1895இல் கொழும்பில் முதன்முதலாக மின்சாரம் வந்தபோது அது சில கட்டடங்களின் சங்கதி. அது நின்றால் அந்தக் கட்டடங்களே இருண்டன. மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் ஆய்வுரை வாசித்தார். லக்சபான இயங்கத் தொடங்கியதோ 1950இல். 1969இல் மின்சார சபை உருவானது. பின்னர் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையமும் சேர்ந்தது. மலையில் மழை பொய்த்தாலும் கரையூரில் விளக்கெரிந்தது. இணைப்பின் பெரும் நன்மை அது.

அதே இணைப்பு பழுதையும் சுமந்து செல்கிறது. உற்பத்தியும் பாவனையும் ஒவ்வொரு கணமும் சமமாக இருந்தால்தான் 50 ஹேர்ட்ஸ் அதிர்வெண் நிலைக்கும். ஓரிடத்தில் தட்டினால் அது சரியும். மற்ற நிலையங்கள் தம்மைக் காக்க ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். அன்று விடுமுறை நாள், பாவனை குறைவு, சூரிய மின்சாரம் அதிகம். அதிர்ச்சியைத் தாங்கும் கனத்த சுழலிகள் போதிய அளவு ஓடவில்லை. 2016 மார்ச்சிலும் 2020 ஓகஸ்டிலும் கூட ஓரிடத்துக் கோளாறு நாட்டையே இருளாக்கியது.

எங்கள் ஊரில் வாப்பாமார் காலத்தில் பள்ளிவாசல் ஹவ்ழுக்குக் கிணற்றிலிருந்து வாளியால்தான் நீர் இறைத்தார்கள். வீட்டுக்கு வீடு லாம்பு இருந்தது. கயிறு அறுந்தால் அந்தக் கிணறு மட்டும் நின்றது. அடுத்த வீட்டில் அள்ளிக்கொண்டார்கள். இன்று வுழூச் செய்யும் நீர், கடைக்காரரின் பில், வங்கி அட்டை, இன்சுலின் வைத்த குளிர்சாதனப் பெட்டி, பிள்ளையின் போன் எல்லாம் ஒரே கம்பியில் தொங்குகின்றன. அடுத்த வீட்டிலும் இல்லாத ஒன்றை யாரிடம் போய்க் கேட்பது?

பழைய காலத்தை நான் பொற்காலம் என்று சொல்லவில்லை. லாம்புப் புகையில் கண் எரியப் படித்த உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள், கரண்டின் அருமை தெரியும். ஆனால் புதியது வந்ததும் பழையதை முழுதாக மூடிவிடுவது நமது பழக்கமாகிவிட்டது. பள்ளிவாசலை விஸ்தரிக்கும்போது முதலில் தூர்க்கப்படுவது கிணறுதான். நிருவாகத்தினர் ஒரு கிணற்றையாவது கயிறும் வாளியுமாக விட்டுவைக்கட்டும். ஆண்டுக்கொரு முறை இறைத்தும் பார்க்கட்டும். எந்தக் கிணற்றை யார் வெட்டினார், எந்த வருடம் மோட்டர் பூட்டினார்கள், எப்போது மூடினார்கள் என்பதை ஊர்தோறும் முதியவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும். அந்த விபரம் தெரிந்தவர்கள் இப்போதே குறைந்துவிட்டார்கள்.