மட்டக்களப்புக் கூத்தாய்வும் அதன் பயனை அளக்கும் வழிகளும்

ஓர் ஆய்வு எவ்வளவு பயன் தந்தது என்பதைப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மேற்கோள் எண்ணிக்கையைக் கொண்டே மதிப்பிடுகின்றன. ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை முறை எடுத்துக்காட்டின என்று கணக்கிடும் இந்த முறைக்கு 1955இல் யூஜின் கார்ஃபீல்ட் வழிகாட்டினார். பிலடெல்பியாவிலிருந்த அவரது நிறுவனம் 1964 முதல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டது. கட்டுரை தேடுவதற்கு எழுந்த அந்தக் கருவி, காலப்போக்கில் பதவி உயர்வுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அளவுகோலாயிற்று. அட்டவணையில் இடம்பெற்றவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்கள். தமிழில் நூலாக வந்த ஆய்வும், கூத்தாடும் ஊர்க் களரிக்கே திரும்பிச் சென்ற ஆய்வும் அந்தக் கணக்கில் சேரவில்லை. மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களின் கூத்தைப் பற்றிய ஆய்வு இதற்குத் தெளிவான சான்று.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை செல்லும் சாலையில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் இருப்பது களுவாஞ்சிக்குடி. அதன் அருகே பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் வயலும் குளமும் நிறைந்த படுவான்கரை. இருகரை ஊர்களிலும் கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தது. கூத்தில் வடமோடி, தென்மோடி என இரு வகைகள் உண்டு; போரும் வீரமும் மிகுந்த கதைகள் வடமோடிக்கும், காதல் கதைகள் தென்மோடிக்கும் பெரும்பாலும் உரியவை. ஊரார் கூடிக் கதையைத் தெரிவுசெய்து, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை அழைப்பார்கள். அவர் ஆளுக்கேற்ற பாத்திரம் பார்த்து, அதற்குரிய பகுதியை எழுதிய சட்டத்தைக் கொடுப்பார். மாதக்கணக்கில் ஆட்டமும் பாட்டும் பழகி, சதங்கை அணிந்து, அடுக்கு எனப்படும் ஒத்திகை பார்த்த பிறகே அரங்கேற்றம். வட்டக்களரியைச் சுற்றி ஊர் அமர்ந்திருக்க, மத்தளமும் சல்லரியும் ஒலிக்க, கூத்து விடியும்வரை நடக்கும். பாட்டும் தாளமும் ஏடுகளிலும் கொப்பிகளிலும் அண்ணாவிமாரின் நினைவிலும் தங்கியிருந்தன.

இந்த அறிவைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவந்ததில் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பங்கு பெரிது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், அண்ணாவிமாரைத் தேடிச் சென்றார். கூத்துப் பிரதிகளைப் பதிப்பித்தார். தென்மோடிக் கூத்தான அலங்காரரூபன் நாடகம் 1962இல் அச்சேறியது. அதே ஆண்டில் பேராதனையிலிருந்த இலங்கைப் பல்கலைக்கழக மாணவர்கள் கர்ணன் போரை மேடையேற்றினர். அவர்களுக்கு ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். தொடர்ந்து நொண்டி நாடகமும் இராவணேசனும் வந்தன. படிக்காதவர்களின் கலை என்று ஒதுக்கப்பட்டிருந்த கூத்து நகர மேடைக்கு ஏறியது. இந்த ஆய்வின் முதல் விளைவு இதுவே. இதை எந்த மேற்கோள் அட்டவணையிலும் காண முடியாது.

அன்று ஆடிய மாணவர்களில் ஒருவரான சி. மௌனகுரு பிற்காலத்தில் கூத்தையே கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் என்ற அவரது நூல் ஆட்டமுறை, தாளக்கட்டு, ஒப்பனை, சமூகப் பின்னணி ஆகியவற்றை விரிவாகப் பதிவுசெய்தது. 1981இல் மட்டக்களப்பில் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. செல்லையா அண்ணாவியாரின் ஊரான வந்தாறுமூலையிலேயே அதன் வளாகம் அமைந்தது. ஊர்க் களரியில் பழகிய கலை அங்கு பட்டப்படிப்புக்குரிய பாடமாயிற்று.

விளைவுகள் எல்லாம் ஒரே திசையில் செல்லவில்லை. இரவு முழுவதும் நடக்கும் கூத்து, நகர மேடைக்காகச் சுருக்கப்பட்டது. சுற்றியிருந்து பார்த்த ஊருக்குப் பதிலாக எதிரே அமர்ந்து பார்க்கும் அவை வந்தது. கூத்தின் போக்கை முடிவுசெய்யும் உரிமை அண்ணாவியாரிடமிருந்து நெறியாளரிடம் சென்றது. இந்த மாற்றங்களைக் கேள்விக்குட்படுத்திய ஆய்வாளர் சி. ஜெயசங்கர், சீலாமுனை ஊராருடன் சேர்ந்து கூத்து மீளுருவாக்கத்தில் ஈடுபட்டார். அங்கே கதையின் சாதி, பெண் பற்றிய கருத்துகளை ஆடுவோரும் ஊராரும் பேசித் திருத்தினர். ஆட்டம் வட்டக்களரியிலேயே நடந்தது. ஊரார் ஆய்வுக்குரிய பொருளாக அல்லாமல், ஆய்வில் பங்காளிகளாக நின்றனர்.

மேற்கோள் எண்ணிக்கையின் குறைகளை உலகமும் பின்னர் உணர்ந்தது. 2010இல் ஜேசன் பிரீமும் மூன்று ஆய்வாளர்களும் மாற்று அளவீடுகளுக்கான அறிக்கையை வெளியிட்டனர். சமூக ஊடகப் பகிர்வு போன்றவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது அது. இதழின் சராசரி மேற்கோள் அளவான தாக்கக் காரணியைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் கூறியது. பிரித்தானியாவின் 2014ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பீட்டில், பல்கலைக்கழகத்துக்கு வெளியே விளைந்த பயனுக்கு 20 சதவீத மதிப்பு தரப்பட்டது. 2015இல் வந்த லைடன் அறிக்கை, உள்ளூருக்கு உரிய சிறந்த ஆய்வுகளைக் காக்க வேண்டும் என்பதைத் தன் பத்து நெறிகளில் ஒன்றாக வைத்தது.

இணைய அளவீடுகளும் மட்டக்களப்புக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அவை பெரும்பாலும் எண்முறை அடையாள எண் (DOI) பெற்ற கட்டுரைகளையே பின்தொடர்கின்றன. பழைய தமிழ் நூல்களுக்கு அந்த எண் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களை இணையத்தில் படிக்க வழிசெய்தது. படிக்கும் வாய்ப்பு பெருகியதே தவிர, படித்தது களரியில் என்ன ஆயிற்று என்பதைப் பதிவிறக்க எண்ணிக்கை சொல்லாது.

கூத்தாய்வின் பயனை அறிய வேறு கேள்விகள் வேண்டும். எத்தனை ஊர்களில் களரி மீண்டும் கட்டப்பட்டது? அண்ணாவியாரிடம் பழக இளையோர் வருகிறார்களா? பதிப்பித்த கூத்து ஆடுவோர் கைக்குத் திரும்பிப் போயிற்றா? அறிவு தந்த அண்ணாவியாரின் பெயர் நூலில் உள்ளதா? இவற்றுக்கு விடை காண ஊருக்குப் போய்க் கேட்க வேண்டும்; எண் மட்டும் போதாது. ஊரிடமிருந்து பெற்ற அறிவை ஊருக்கு மீட்டுத் தந்த ஆய்வே பயன்பட்ட ஆய்வு. கிழக்கிலங்கை ஆய்வுகளை மதிப்பிடுவோர் இந்தக் கேள்விகளுக்கும் தங்கள் படிவத்தில் இடம் தர வேண்டும்.